சிவப்புப் பைக்குள் இருந்த ஊசி

அந்த அக்கா என்னிடம் வந்து சொன்னபோது மணி பத்தரை. ஊசி குத்தியது ஏழேகாலுக்கு. இடைப்பட்ட நேரத்தில் அவர் இரண்டு வார்டைக் கூட்டித் துடைத்திருந்தார், கழிவறைகளைக் கழுவியிருந்தார், எங்களுக்கு டீ கூட வாங்கி வந்து கொடுத்திருந்தார்.

"ஏனுங் சிஸ்டர், ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?"

வைய மாட்டேன் என்றதும் சேலையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காட்டினார். இடது கெண்டைக்காலில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி வெள்ளையாக எதையோ அப்பியிருந்தார். வெற்றிலைப் பொட்டலத்தில் இருந்த சுண்ணாம்பு. சிவப்புப் பையை முடிச்சுப் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தபோது பை காலில் உரசியிருக்கிறது. "முள்ளுக் குத்துனாப்ல சுருக்குன்னுச்சுங்க. பாத்தா ரத்தம். வேலையை உட்டுப்போட்டு வந்தா சூப்பர்வைசர் சத்தம் போடுவாருங்க, அதான்..."

இது நடந்தது 2022 ஆகஸ்டில். ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போது நான் ஸ்டாஃப் நர்ஸ். அக்கா காண்ட்ராக்டில் வந்த துப்புரவுப் பணியாளர், சென்னிமலைக்காரர். வீட்டில் கைத்தறி இருந்த காலத்தில் பெட்ஷீட் நெய்தவர். வீட்டுக்காரர் போன பிறகு தறியை விற்றுவிட்டு வேலைக்கு வந்திருந்தார்.

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பையில் ஊசி இருக்கவே கூடாது. அது டிரிப் செட், டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் கழிவுகளுக்கானது. ஊசி, பிளேடு, குத்தக்கூடிய எதுவானாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது இதுதான், எல்லா வார்டுச் சுவரிலும் இதைப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்.

அன்று விடியற்காலை அந்த வார்டில் டியூட்டி பார்த்தது நானும் இன்னொரு சிஸ்டரும். பதினான்கு நோயாளிகள். ஐந்து மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பித்தோம். மூன்று பேருக்கு வென்ஃப்ளான், அதாவது டிரிப் ஏற்ற ரத்தக்குழாயில் செருகிவைக்கும் சின்னக் குழாய், மாற்றினோம். அதில் ஒருவர் கையை உதறியதில் ரத்தம் படுக்கையெல்லாம் ஆகிவிட்டது. வேலை நெருக்கும் நேரம். டிரேயில் கிடந்த பஞ்சு, காஸ் துணி, டியூப் எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டோம். அந்தக் காஸுக்கு அடியில் ஒரு ஸ்டைலெட், வென்ஃப்ளானைச் செருகிவிட்டு உருவி எடுக்கும் ஊசி, கிடந்திருக்க வேண்டும். வாரிப் போட்டது என் கையா அந்த சிஸ்டர் கையா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. பையைப் பிரித்துக் கிளறித் தேடுவதும் தவறு, தேடப் போன கையிலும் குத்தும். அந்த ஊசியைப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கமும் இல்லை. அதனால் இன்றைக்கும் தெரியாது. நானாக இருக்கலாம் என்ற நினைப்போடுதான் அன்று முழுவதும் அந்த அக்காவோடு நடந்தேன்.

முதல் வேலையாகச் சுண்ணாம்பைக் கழுவினேன். குழாய்த் தண்ணீரும் சோப்பும், அவ்வளவுதான். பிதுக்கி ரத்தத்தை வெளியே எடுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றக் கூடாது. பிதுக்கினால் கிருமி வெளியே வந்துவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எரிகிற மருந்து ஊற்றினால் தோல்தான் புண்ணாகும்.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிற நான் 2009இல் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு 23 வயது. கோபியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது இடது ஆள்காட்டி விரலில் ஏற்றிக்கொண்டேன். கிளவுஸைத் தாண்டி ஆழமாகவே இறங்கிவிட்டது. விரலைப் பிதுக்கினேன். ஸ்பிரிட் ஊற்றினேன். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காரணம் அக்கா சொன்ன அதே காரணம்: இன்சார்ஜ் சிஸ்டர் வைவார்.

அந்தப் பெரியவர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு எந்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன், குத்தியதையே சொல்லவில்லையே. நான்காம் நாள் ராத்திரிதான் பயம் பிடித்தது. அதற்குள் 72 மணி நேரம் கடந்திருந்தது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை அதற்குள் ஆரம்பித்தால்தான் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது என்பதை ராத்திரி ஹாஸ்டலில் பழைய நோட்டை எடுத்துப் படித்துத்தான் நினைவுபடுத்திக்கொண்டேன். ஈரலைத் தாக்கி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான தடுப்பூசியும் இரண்டு தவணைதான் போட்டிருந்தேன். ஆறாம் மாதம் போட வேண்டிய மூன்றாவதை, வெளியூர் போஸ்டிங்கில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அந்த மாதம் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை அமைந்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். நான் வேண்டாம், மூன்று மாதம் போகட்டும் என்றேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா நினைத்தார். ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து தனித்தனியாகப் புத்தி சொன்னார்கள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார். மூன்று மாதம் கழித்து, தெரிந்த முகம் இருக்காது என்று திருப்பூர் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. ரிசல்ட் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஊத்துக்குளி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அம்மாவிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உன்னைப் பேசாம உட்டிருப்பனா கண்ணு" என்றார்.

அந்த மூன்று மாதத்தில் ஊசி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. செய்தது எல்லாம் சொல்லாமல் வைத்திருந்ததுதான்.

சரி, அக்காவுக்கு வருவோம். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னதும் அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நேரத்தைக் குறித்தார், டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார், என்னை அக்காவோடு போகச் சொன்னார். நல்ல இன்சார்ஜ் ஒருவர் வார்டில் இருந்தால் எத்தனை விஷயம் ஒழுங்காக நடக்கிறது! சூப்பர்வைசர் மட்டும் "பாத்து வேலை செய்யக் கூடாதாம்மா" என்றார். மூடிக் கட்டிய பைக்குள் இருக்கும் ஊசியை எப்படிப் பார்ப்பது?

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் போர்டைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார். "இங்க எதுக்குங்க? ஊர்க்காரங்க யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" சிறிது நேரம் மரத்தடியில் நின்று பேசினோம். எச்.ஐ.வி. என்ற வார்த்தையை நான் சொன்னதும் அவர் கை நடுங்கியது. "எனக்கு அந்தச் சீக்கு வந்துருமுங்களா?"

சதவீதத்தில் சொன்னால் அவருக்குப் போய்ச் சேராது. அவர் கிருத்திகை தவறாமல் சென்னிமலை ஏறுகிறவர். அதையே வைத்துச் சொன்னேன்.

"மலைக்கு எத்தனை படிங்கக்கா?"

"ஆயரத்து முன்னூத்து இருவதுங்க."

"அந்த 1,320 படியில நாலு படி மட்டும் வழுக்கும்னு வெச்சுக்குங்க. மத்த படியெல்லாம் கெட்டியா இருக்குது. எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்குப் போட்ட ஊசி குத்துனா, அது நமக்கு வர்றதுக்கு அவ்வளவுதானுங்க வாய்ப்பு. அதுவும் அந்த ஊசி அப்படிப்பட்டவங்களுது தானான்னே நமக்குத் தெரியாது."

ஆயிரத்துக்கு மூன்று என்பதுதான் அந்தக் கணக்கு. எல்லா ஊசியும் ஒன்றில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தையல் ஊசி போன்ற கெட்டி ஊசியைவிட, நடுவில் துளை உள்ள ஊசி ஆபத்து, அதில் ரத்தம் தங்கும். ரத்தக்குழாய்க்குள் இருந்து எடுத்த ஊசி, ஆழமாகக் குத்தியது, கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஒட்டியிருந்தது, நோயாளி மருந்து எடுக்காமல் கிருமி அளவு கூடுதலாக இருப்பவர் என்றால் வாய்ப்பு கூடும். அக்காவைக் குத்தியது வென்ஃப்ளான் ஊசியாக இருந்தால் நடுவில் துளை உள்ளது, ரத்தக்குழாய்க்குள் இருந்து எடுத்தது என்ற இரண்டும் பொருந்தும். அதனால்தான் டாக்டர் யோசிக்காமல் மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னார்.

நாலு படி என்றதும் அக்காவின் முகம் தெளிந்தது. எனக்குத்தான் தெளியவில்லை. நான் பயந்தது மற்றொன்றுக்கு.

ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமி உள்ள ஊசி குத்தினால், நூற்றுக்கு ஆறிலிருந்து முப்பது வரை தொற்றலாம். சென்னிமலைக் கணக்கில் 80 படியிலிருந்து 400 படி வரை வழுக்குப் படி. உலர்ந்த ரத்தத்திலும் அது ஏழு நாள் உயிரோடு இருக்கும். எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குகிறார்கள், மருத்துவமனைக்குள்ளேயே அப்படித்தான். ஆனால் ஒரு ஊசிக்கு இருபது மடங்கு, நூறு மடங்கு எளிதாகத் தொற்றுவது இது. இதற்கு மட்டும்தான் தடுப்பூசியும் இருக்கிறது! மூன்று தவணை, ஆறு மாதம், முடிந்தது. அக்காவிடம் "ஊசி போட்டிருக்கீங்களா" என்று கேட்டேன். "சின்னப்புள்ளையில அம்மைக்குப் போட்டதுங்க" என்று தோளைக் காட்டினார்.

நான்கு வருடமாக மருத்துவமனைக் கழிவை அள்ளுகிறவர். அவருக்கு ஒரு தவணைகூட யாரும் போடவில்லை. நர்ஸுகளுக்கு எல்லாம் போட்டிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் பட்டியலில் பெயர் இல்லை. அந்த 2016 விதியிலேயே, மருத்துவப் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று அதில் பிரிக்கவில்லை. ஊசி குத்தும்போதும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டரை மணிக்கு முதல் மாத்திரை போட்டார். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். குத்தி ஐந்தேகால் மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் இல்லை, ஆனாலும் நல்ல நேரம்தான். இந்த மருந்துகளுக்கு நெடுங்காலம் முன்பே, ஸிடோவுடின் என்ற ஒரே மருந்தை மட்டும் கொடுத்த நாளிலேயே, தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 81 சதவீதம் குறைந்ததாக 1997இல் ஓர் ஆய்வு வந்தது. மையத்தில் இருந்த ஆலோசகர் பொறுமையாகப் பேசினார். இன்று எடுக்கும் ரத்தம் ஏற்கெனவே எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, ஊசி குத்தியதால் வந்ததா என்பது இப்போது தெரியாது, ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்ப வர வேண்டும் என்றார். சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுத்தார். ரிசல்ட்டை வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றார். அது அவருடைய நல்ல மனசு மட்டுமில்லை, 2017இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ரத்தத்தோடு புழங்கும் வேலையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும், இப்படிக் குத்திவிட்டால் தடுப்பு மருந்தும் நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஈரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பிறகு போடும் தடுப்பு மருந்தும் இல்லை. நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தொற்றும் என்று நான் படிக்கும்போது சொன்னார்கள், பிறகு வந்த கணக்கு ஆயிரத்துக்கு இரண்டு என்கிறது. தொற்றினாலும் பன்னிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும், 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அதைப் பற்றி அன்று அதிகம் பேசவில்லை.

அப்புறம்தான் பணச் சண்டை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே போடாதவர், ஊசி யாருடையது என்றும் தெரியாது. அப்படியானால் கிருமி இருப்பதாகவே வைத்துக்கொண்டு, தடுப்பூசியோடு, எதிர்ப்புச் சக்தியைத் தயாராகவே உடம்புக்குள் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். கூடியவரை 24 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஏழு நாளுக்குள். பல ஆயிரம் ரூபாய். நிர்வாகத்தில் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், குத்தியது உங்கள் ஆஸ்பத்திரி ஊசிதானே என்றார். சாயங்காலம் ஐந்து மணி வரை இதே பேச்சு. அக்கா ஒரு ஓரமாக நின்றுகொண்டு "உடுங்க சிஸ்டர், எனக்கு ஒண்ணும் ஆகாது, முருகன் பாத்துக்குவான்" என்று என் கையைப் பிடித்தார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டரும் டியூட்டி டாக்டரும் நானும் பணம் போட்டோம். ஈரோட்டில் நாங்கள் கேட்ட இரண்டு கடையிலும் மருந்து இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஐஸ் டப்பாவில் வைத்துப் பஸ்ஸில் வந்தது. ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டோம். அந்த விதியின் பக்கத்தை நகலெடுத்து வைத்து இன்சார்ஜ் சிஸ்டர் கடிதம் எழுதிய பிறகு, நிர்வாகம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடவும் ஒத்துக்கொண்டார்கள். பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் முதல் தவணையே அப்போதுதான் போட்டார்கள்.

28 நாளும் நான் தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்வேன். முதல் வாரம் குமட்டல், தலைவலி, கண்ட கண்ட கனவு. சாப்பிட்ட பிறகு போடச் சொன்னேன், கொஞ்சம் அடங்கியது. அவர் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் வெறும் வயிற்றில் ஒன்றாகப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மாத்திரை டப்பாவின் லேபிளை மருமகள் படித்துவிடுவாள் என்று கிழித்துவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். "சத்து மாத்திரைனு சொல்லிருக்கறனுங்க." ஒரு தப்பும் செய்யாதவர், வேலை செய்ததற்காக, சொந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் ஆற மாட்டேன் என்கிறது. 28 நாள் முடிந்தபோது 30 மாத்திரை டப்பாவில் இரண்டு மிச்சம் இருந்தது. பத்திரமாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம். எதுவும் இல்லை, இல்லை, இல்லை.

அதற்குப் பிறகு வார்டில் சில பழக்கங்களை மாற்றினோம். வெள்ளை டப்பா முன்பு நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. ஊசியைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடக்கும் வழியில்தான் அது டிரேயில் இறங்கி, காஸுக்கு அடியில் போய், பைக்குள் விழுகிறது. இப்போது டிராலியிலேயே டப்பா இருக்கிறது. போட்ட கையே அங்கேயே, அப்போதே போட்டுவிட வேண்டும். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடிவிட வேண்டும், அமுக்கித் திணிக்கக் கூடாது. ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடுவதை நான் 2009 முதலே விட்டுவிட்டேன். தவிர்க்கவே முடியாத நேரத்தில் மூடியை டிரேயில் படுக்க வைத்து, ஒரே கையால் ஊசியை நுழைத்து எடுப்பேன், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அப்படியேதான் காட்டிக்கொடுக்கிறேன். காலையில் பையைக் கட்டும் முன் டிரேயை யார் காலி செய்தது என்று பெயர் எழுதிவைக்கிறோம். தண்டிப்பதற்காக இல்லை. பெயர் எழுத வேண்டும் என்றால் கை தானாகக் காஸைத் தூக்கிப் பார்க்கிறது.

வீட்டில் இன்சுலின் போடுபவர்களிடம் ஒரு வார்த்தை. எங்கள் தெருவிலேயே ஆறு வீட்டில் போடுகிறார்கள். அந்த ஊசியையும், சர்க்கரை பார்க்கக் குத்தும் ஊசியையும் குப்பைக் கவரில் அப்படியே போடாதீர்கள். காலியான கெட்டி பிளாஸ்டிக் டப்பா, ஃபினாயில் டப்பா மாதிரி ஏதாவது ஒன்றில் போட்டு மூடி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். காலையில் தள்ளுவண்டியோடு வரும் அக்கா வெறுங்கையால்தான் பிரிக்கிறார்.

எங்கள் அக்காவுக்கு 2023 பிப்ரவரியில் மூன்றாவது தவணை போட்டோம். இரண்டு மாதம் கழித்து, தடுப்பு சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்த்தோம். பத்துக்கு மேல் இருந்தால் போதும். ரிசல்ட் வந்த அன்று தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே அவர் சாப்பிடும் இடத்துக்குப் போனேன். தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்.

"இருநூத்தி நாப்பதுங்கக்கா."

"நல்லதுங்களா?"

"ரொம்ப நல்லதுங்க."

"உங்களுக்கு எத்தனைங்க இருக்குது?"

"எனக்கு நூத்தி அறுவத்திநாலுங்க."

தாளை வாங்கி, அந்த எண் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போசியின் மூடியில் எனக்கும் கொஞ்சம் சோறு எடுத்து வைத்தார்.